பிக்கப்பிலை ஸ்னோ பிளவ் பூட்ட முதல் என்னென்ன பாக்கோணும்?

நாவற்குழியான் | சனி, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். நான் ரொறன்ரோவுக்குப் பக்கத்திலை மார்க்கம் நகரத்திலை இருக்கிறன். 2025 பெப்ரவரியிலை ஒரே கிழமைக்குள்ளை இரண்டு புயல் அடிச்சு, ரொறன்ரோவிலை 50 சென்ரிமீற்றருக்கு மேலை கொட்டினது நினைவிருக்கும். எங்கடை தெருவிலை வயசுபோன சனம் கொஞ்சம் இருக்கு. அவையின்ரை வாசலை நானும் மச்சானும் சவலாலை நாலு நாள் வெட்டினம். அப்பவே முடிவெடுத்தனான், அடுத்த மாரிக்குப் பிளவ் ஒண்டு, அதுதான் வாகனத்தின்ரை முன்னாலை பூட்டி ஸ்னோ தள்ளுற இரும்புப் பிளேட், வாங்கிறதெண்டு.

வாகனம் 2016 சில்வராடோ 2500, 6.0 லீற்றர் காஸ் எஞ்சின், ஃபோர் பை ஃபோர். 1,40,000 கிலோமீற்றர் ஓடியிருக்கு. தெரிஞ்ச ஒருத்தர் எட்டரை அடி வி-பிளவ் (நடுவிலை மடிஞ்சு V வடிவத்திலை நிக்கிறது) ஒண்டு மலிவா விக்கிறார், ஏழு வருசப் பழசு. 14 டிரைவ்வேயும் (வீட்டு வாசல் வாகனப் பாதை) ஒரு சின்னப் பிளாசாவும் (கடைத்தொகுதி) இப்பவே கேட்டிருக்கினம். பிளவை வாங்கிப் பூட்டினால் சரியோ, வாகனத்திலை வேறை வேலை செய்யோணுமோ? அனுபவம் உள்ளவை சொல்லுங்கோ.

---

மலைக்கோட்டை | சனி, இரவு 10:15

வணக்கம் நண்பரே. பிராம்ப்டன்ல இருந்து எழுதறேன், ஊர் திருச்சி. மூணு சீசனா இதே மாதிரி வண்டியில ஓட்டறேன். பிளவை மாட்டினதும் முன்பக்கம் ரெண்டு இன்ச் இறங்கும். பயப்படாதீங்க. அடியில டோர்ஷன் பார் (முன் சக்கரத்துக்கு ஸ்பிரிங்கா வேலை செய்யற முறுக்குத் தண்டு) அட்ஜஸ்ட் போல்ட் இருக்கும், நாலஞ்சு சுத்து ஏத்தி விட்டா வண்டி நேரா நிக்கும். நான் அப்படித்தான் பண்ணினேன். நல்ல பேட்டரி போடுங்க, டயர் பாருங்க. அவ்வளவுதான்.

---

சங்கானை அண்ணை | ஞாயிறு, காலை 6:20

தம்பி நாவற்குழியான், காசு குடுக்க முதல் கேட்டது நல்லது. நான் ஸ்காபரோவிலை 22 மாரியா ஸ்னோ தள்ளுறன். கொஞ்சம் நீட்டா எழுதிறன், ஆறுதலா வாசியுங்கோ.

முதல் பிளேட்டை மறவுங்கோ. ட்றைவர் கதவைத் திறந்தால் தூணிலை ஒரு ஸ்ரிக்கர் இருக்கும். முன் அக்சில் எவ்வளவு தாங்கும், பின் அக்சில் எவ்வளவு, முழு வாகனம் எவ்வளவு எண்டு மூண்டு இலக்கம் அதிலை போட்டிருக்கும். டாஷ்போட் லாச்சிக்குள்ளை இன்னொரு ஸ்ரிக்கரிலை மூண்டெழுத்துக் குறியீடுகள் வரிசையா இருக்கும். அதிலை வி-வை-யு எண்டு இருந்தால் உங்கடை வாகனம் கொம்பனியிலேயே பிளவுக்கெண்டு தயாரிச்சது. ஃபோர்ட், ராம் வாகனங்களிலையும் இதே மாதிரி ஒரு பிளவ் பக்கேஜ் இருக்கு. இல்லாட்டிலும் பூட்டலாம், ஆனால் கணக்குப் பாத்துத்தான்.

கணக்கு இதுதான். பிளவ் 340 கிலோ எண்டு வைப்பம். அது முன் அக்சிலுக்கு மேலை குந்தி இருக்கிறேல்லை, அதுக்கு ஒரு மீற்றருக்கு மேலை முன்னாலை தொங்குது. துலாவை நினைச்சுப் பாருங்கோ. முன் சக்கரம் தூண், பிளவ் ஒரு அந்தம், வாகனத்தின்ரை பின்பக்கம் மற்ற அந்தம். முன்னாலை பாரம் தொங்கப் பின்பக்கம் எழும்பும். அதாலை முன் அக்சிலிலை 340 இல்லை, கிட்டத்தட்ட 440 கிலோ ஏறுது. பின் அக்சிலிலை 100 கிலோ குறையுது. ஸ்னோ ரோட்டிலை பின்பக்கம் பாரமில்லாத வாகனத்துக்குப் பிறேக் அடிச்சால் என்ன நடக்கும் எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

எட்டரை அடி இரும்பு வி-பிளவ் பொதுவா 800, 900 இறாத்தலுக்கு மேலை வரும். உங்கடை வாகனத்துக்கு அது இழுபறி. நேர் பிளேட் எட்டு அடி போதும். 14 டிரைவ்வேக்கு வி தேவையே இல்லை.

அடுத்தது ரோர்ஷன் பார். மலைக்கோட்டைத் தம்பி கோவிக்கக் கூடாது. போல்ட்டை முறுக்கினால் வாகனம் உயரும், பாரம் தாங்கிற சக்தி ஒரு கிராம்கூடக் கூடாது. ஸ்பிரிங் அதே ஸ்பிரிங்தான், பிடிக்கிற இடம்தான் மாறுது. பிளவைக் கழட்டின நாளிலை மூக்கு மேலை நிக்கும். அரை-அக்சில் ஜொயின்ற் சரிவா வேலை செய்யும், குழியிலை விழுந்தால் சக்கரம் கீழை இறங்க இடமில்லை, அலைன்மென்ற் போகும். பாரமான ரோர்ஷன் பார் வாங்கிப் போடலாம், அது வேறை கதை. இல்லாட்டி டிம்பிரன் எண்டு ஒரு ரப்பர் ஸ்பிரிங் இருக்கு, பம்ப் ஸ்ரொப் (முன்பக்கம் முழுக்க அமுங்காமல் தடுக்கிற கட்டை) இருக்கிற இடத்திலை பூட்டுறது. பிளேட்டைத் தூக்கேக்கை முன்பக்கம் இருத்தாது. ஆனால் அதுவும் கதவுத் தூணிலை இருக்கிற இலக்கத்தைக் கூட்டாது.

மிச்சத்தைப் பின்னேரம் எழுதிறன்.

---

மலைக்கோட்டை | ஞாயிறு, காலை 8:05

கோபமெல்லாம் இல்லண்ணே. இப்பத்தான் வெளிய போய் முன் டயரைப் பாத்தேன். ரெண்டும் ஒரே ஓரமா தேஞ்சிருக்கு. போன வருஷம்தான் புதுசு போட்டது. டயர் சரியில்லன்னு கடைக்காரர்கிட்ட சண்டை போட்டேன், அவருக்கு ஒரு மன்னிப்பு கடன்பட்டிருக்கேன். ஏத்தினதைப் பழைய அளவுக்கு இறக்கிட்டு அலைன்மென்ட் பண்ணணுமா?

---

சங்கானை அண்ணை | ஞாயிறு, மாலை 5:50

ஓம் தம்பி. முதல் இறக்குங்கோ, பிறகு அலைன்மென்ற். அப்பிடியே முன் சக்கரத்தைப் பிடிக்கிற போல் ஜொயின்ற், ரை ரொட், வீல் பெயாரிங் எல்லாத்தையும் ஜாக்கிலை தூக்கி ஆட்டிப் பாக்கச் சொல்லுங்கோ. ஆட்டம் இருக்கிற போல் ஜொயின்ற் ஜனவரி விடியப்புறம் மூண்டு மணிக்குத்தான் கழரும்.

விட்ட இடத்திலை இருந்து வாறன். பின்பக்கப் பாரம். பிளவ் கொம்பனிக்காரர் தங்கடை கைநூலிலை கேக்கிறது, மொத்தப் பாரத்திலை 40 வீதமாவது பின் அக்சிலிலை இருக்கோணும் எண்டு. மண் மூட்டை போடுங்கோ. எங்கை போடுறது எண்டதுதான் முக்கியம். கேபினுக்குப் பின்னாலை குவிக்கிறது வீண். ரெயில்கேற்றை ஒட்டி, பின் சக்கரத்துக்கும் பின்னாலை. அப்பத்தான் துலா திரும்பும், பின்பக்கம் அழுந்த முன் அக்சிலிலை இருந்தும் கொஞ்சப் பாரம் கழரும். மரச்சட்டம் அடிச்சு இறுக்கிக் கட்டுங்கோ. பிளேட் ஒரு கேர்பிலை (வீதி ஓரக்கல்) மோதினால் அந்த 300 கிலோ உங்கடை முதுகுக்குத்தான் வரும்.

உப்பையே பாரமா வைக்கிற ஆக்களும் இருக்கினம். உப்பு இரவோடை இரவா தூவி முடிஞ்சு போம். விடியப் பாரம் இல்லை. மண் நிரந்தரம், உப்பு அதுக்கு மேலை.

நான் சொல்லுற எல்லாத்தையும் நம்பாதேங்கோ, நிறுத்துப் பாருங்கோ. நெடுஞ்சாலைக் கரையிலை லொறி நிக்கிற இடங்களிலை தராசு இருக்கு. சின்னக் காசு. முன் அக்சில் தனி, பின் அக்சில் தனி எண்டு ரிசீற் தருவினம். பிளேட்டைத் தூக்கி, நீங்கள் உள்ளை இருந்து, டாங்க் நிரப்பி நிறுங்கோ.

---

லவால் வாசி | ஞாயிறு, இரவு 7:30

மொன்றியல் பக்கத்திலையிருந்து ஒரு சொல். எங்கடை கியூபெக்கிலை டிசம்பர் 1 தொடக்கம் மார்ச் 15 வரை மாரி ரயர் கட்டாயம். ஒன்ராறியோவிலை கட்டாயமில்லை எண்டாப்போலை விடாதேங்கோ. மலைப் படத்துக்குள்ளை ஸ்னோப் பூ இருக்கிற அடையாளம் பக்கவாட்டிலை இருக்கோணும், பாரம் தாங்கிற ஈ வகை எல்.டி. ரயரா இருக்கோணும். அகலமான ரயர் வடிவாத்தான் இருக்கும், ஆனால் ஸ்னோவுக்கு மேலை மிதக்கும். ஒடுக்கமானது வெட்டிக்கொண்டு இறங்கித் தரையைப் பிடிக்கும். ஆணி வைச்ச ரயர் உங்களுக்கு வட ஒன்ராறியோவிலைதான் சட்டப்படி ஏலும், ரொறன்ரோ பக்கம் ஏலாது.

---

நாவற்குழியான் | ஞாயிறு, இரவு 9:10

எல்லாருக்கும் நன்றி. சங்கானை அண்ணை, வி-பிளவை விட்டிட்டன். லாச்சியிலை பாத்தன், வி-வை-யு இல்லை. முன் அக்சில் 4,800 இறாத்தல், அதாவது கிட்டத்தட்ட 2,177 கிலோ எண்டு ஸ்ரிக்கரிலை கிடக்கு. எட்டு அடி நேர் பிளேட் ஒண்டு ஒஷாவாவிலை பாத்திருக்கிறன், மவுண்டோடை 750 இறாத்தல். வாங்கேக்கை எதைப் பாக்கிறது? மின்சாரப் பக்கமும் சொல்லுங்கோ, எனக்கு அது கொஞ்சமும் விளங்காது.

---

சங்கானை அண்ணை | திங்கள், இரவு 8:30

பழைய பிளேட்டிலை பெயின்றைப் பாக்காதேங்கோ, பெயின்ற் யாரும் அடிக்கலாம்.

பிளேட்டைத் தூக்கித் திருப்புற ஹைட்ரோலிக் ராம்களை (எண்ணெய் அழுத்தத்திலை நீளுற தண்டுகள்) முழுசா வெளியிலை தள்ளச் சொல்லி, குரோம் தண்டைக் கையாலை தடவுங்கோ. கறள் புள்ளி இருந்தால் அது சீலை அரைக்கும், எண்ணெய் கசியும். பிறகு எண்ணெயைக் கொஞ்சம் வெளியிலை எடுத்துப் பாருங்கோ. தெளிவா இருக்கோணும். பால் மாதிரி வெள்ளையா இருந்தால் தண்ணி கலந்திருக்கு. கோடையிலை அது ஒண்டும் செய்யாது. -20இலை அந்தத் தண்ணி வால்வுக்குள்ளை கட்டியாகி, பிளேட் தூக்கமாட்டன் எண்டு கிடக்கும். நான் ஒவ்வொரு ஒக்டோபரும் எண்ணெயை முழுக்க வடிச்சுப் புதுசு விடுறன், குளிருக்கெண்டு விக்கிற பிளவ் எண்ணெய் மட்டும். அளவு பாக்கேக்கை பிளேட் நிலத்திலை, தூக்கிற ராம் முழுக்க உள்ளை.

அடியிலை வெட்டுற இரும்பு, அதுதான் கட்டிங் எட்ஜ், தேய்ஞ்சு பிளேட்டின்ரை சொந்த உடம்பு நிலத்திலை உரசுதோ பாருங்கோ. எட்ஜ் மாத்தலாம், உடம்பு தேய்ஞ்சால் வெல்டிங் வேலை. பிறகு ட்றிப் ஸ்பிரிங். சில கொம்பனிப் பிளேட்டுகள் கல்லிலை மோதினால் முழுசா முன்னுக்குச் சாயும், வெஸ்டர்ன் பெரும்பாலும் அப்பிடி. ஃபிஷரிலை அடி எட்ஜ் மட்டும் மடியும். இரண்டும் நல்லது. ஸ்பிரிங் உடைஞ்சோ தளர்ந்தோ இருந்தால்தான் கூடாது. மூடியில்லாத மான்ஹோல் ஓரத்திலை மோதினால் அந்த அடி ஸ்பிரிங்குக்கோ, உங்கடை சேசிசுக்கோ எண்டதுதான் கேள்வி.

மின்சாரம். பிளவ் மோட்டர் தூக்கிற நேரம் ஸ்ராட்டர் மோட்டர் மாதிரி இழுக்கும், 150, 200 அம்பியர் வரை போகும். டிரைவ்வே வேலையிலை எஞ்சின் ஐடிலிலைதான் கனநேரம் நிக்கும், அந்த நேரம் அல்ரனேற்றர் குறைவாத்தான் குடுக்கும். லைற், ஹீற்றர், வைப்பர், பீக்கன் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். -18இலை பற்றறிக்குக் கோடையிலை இருந்த பலத்திலை பாதிக்குக் கிட்டத்தான் மிஞ்சும். அதாலைதான் குளிர் அம்பியர் கூடின பற்றறி, ஏலுமெண்டால் இரண்டாவது பற்றறியும் எண்டு சொல்லுறது.

ஒரு வோல்ற்மீற்றர் வாங்குங்கோ. பிளேட்டைத் தூக்கேக்கை பற்றறியிலை அளவுங்கோ, பிறகு மோட்டர் முனையிலை அளவுங்கோ. பற்றறியிலை 12 இருந்து மோட்டரிலை 10 எண்டால் பற்றறியிலை பிழையில்லை, கேபிளிலையோ ஏர்த்திலையோ கறள். இதுக்குப் பற்றறி மாத்தி மாத்திக் காசு துலைச்ச எத்தினை பேரைப் பாத்திட்டன். ஏர்த் கேபிளைக் கழட்டி, இரும்பு மினுங்கும்வரை உரஞ்சி, திரும்பப் பூட்டி, பிளக் எல்லாத்துக்கும் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் பூசுங்கோ.

கியர் பொக்ஸைப் பற்றி ஒண்டுதான். ரிவர்சிலை இருந்து ட்றைவுக்கு மாத்த முதல் சக்கரம் முழுசா நிக்கோணும். ஒரு டிரைவ்வேக்கு 10 தரம், ஒரு இரவுக்கு 150 தரம் மாத்துவியள். உருளேக்கை மாத்தி மாத்தி நான் ஒரு கியர் பொக்ஸை இரண்டே மாரியிலை முடிச்சனான், பிழை முழுக்க என்ரை. எண்ணெயும் ஃபில்ரரும் இப்பவே மாத்துங்கோ. கியர் எண்ணெய்ச் சூடு 110 பாகைக்கு மேலை போனால் பார்க்கிலை போட்டு ஆற விடுங்கோ.

சேசிஸ், பிறேக் லைன் இரண்டையும் ஹொயிஸ்ரிலை ஏத்திப் பாருங்கோ. 2016 வாகனம், எங்கடை ரோட்டு உப்பு. இரும்புப் பிறேக் லைன் செதில் செதிலா உரிஞ்சால் செப்பு-நிக்கல் லைன் போடுங்கோ. பிறகு அடி முழுக்க எண்ணெய் ஸ்பிரே.

---

குப்பிழான் அக்கா | செவ்வாய், மதியம் 12:40

தம்பி, நான் இன்சூரன்ஸ் புரோக்கர் ஒஃபிசிலை வேலை. எல்லாரும் இரும்பைப் பற்றிக் கதைக்கிறியள். பிளாசா எண்டு எழுதியிருக்கிறியள், அதாலை இதை வாசியுங்கோ.

உங்கடை சொந்தப் பாவனைக்கு எடுத்த வாகன இன்சூரன்ஸ், காசுக்கு ஸ்னோ தள்ளுறதுக்குப் பொருந்தாது. பிளவ் பூட்ட முதல் கொம்பனிக்கு அறிவியுங்கோ. அதுக்கு மேலை வியாபாரப் பொறுப்புக் காப்புறுதி தனியா வேணும், அதிலை ஸ்னோ வேலை எண்டு எழுத்திலை இருக்கோணும். தோட்டவேலைக்கு எடுத்த பொலிசியோடை மாரியிலை இறங்கி, ஆரோ விழுந்த பிறகுதான் ஸ்னோ விலக்கப்பட்டிருக்கு எண்டு கண்டுபிடிச்ச ஆக்களின்ரை ஃபைல் என்ரை மேசைக்கு வந்திருக்கு. அந்தக் குடும்பத்தின்ரை முகத்தை இன்னும் மறக்கேலாமல் இருக்கு.

ஒன்ராறியோவிலை 2021 ஜனவரி 29இலை இருந்து, தனியார் இடத்திலை ஸ்னோவிலை வழுக்கி விழுந்தவர் வழக்குப் போடுறதெண்டால் 60 நாளுக்குள்ளை எழுத்திலை அறிவிக்கோணும். அந்த அறிவித்தல் உங்களுக்கும் வரலாம். ஜனவரியிலை விழுந்தவரின்ரை கடிதம் மார்ச்சிலை வந்தால், அண்டைக்கு எத்தினை மணிக்குப் போனியள், உப்புப் போட்டியளோ, வெப்பநிலை என்ன எண்டு எதை வைச்சுச் சொல்லுவியள்? ஒவ்வொரு இடத்துக்கும் நேரம், படம் இரண்டு, உப்பின்ரை அளவு. போனிலையே எழுதி வையுங்கோ.

தள்ளுற ஸ்னோவை ரோட்டிலை விடாதேங்கோ. நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டம் 181ஆம் பிரிவு அதைத் தடுக்குது. நீல லைற்றும் போடாதேங்கோ. அது வீதிப் பராமரிப்புக்கு எண்டு வைச்சது, உங்களுக்கு மஞ்சள்தான். வாகனம் உப்போடை 4,500 கிலோவைத் தாண்டினால் சி.வி.ஓ.ஆர். எண்ட வணிக வாகனப் பதிவு வேணும், அதையும் மனசிலை வையுங்கோ.

---

மலைக்கோட்டை | செவ்வாய், மாலை 6:00

அக்கா, இந்த 60 நாள் விஷயம் எனக்கு மூணு வருஷமா தெரியாது. நான் ஒரு இடத்துக்கும் படம் எடுத்ததில்ல. இன்னிக்கே என் பாலிசியை எடுத்துப் படிச்சுட்டேன், ஸ்னோ இருக்கு, கடவுள் புண்ணியம்.

நாவற்குழியான், என் பங்குக்கு ஒண்ணு. நவம்பர்ல தரை இறுகறதுக்கு முன்னாடி ஒவ்வொரு டிரைவ்வேயும் நடந்து பாருங்க. ஓரத்துக்குக் குச்சி நட்டுடுங்க. தூக்கிட்டு நிக்கற இன்டர்லாக் கல், வடிகால் மூடி, தோட்டத்து ஓரக்கல் எல்லாம் படம் எடுங்க. இருபது சென்டிமீட்டர் பனிக்கு அடியில எல்லாம் ஒண்ணுதான். சரளைக்கல் டிரைவ்வேக்கு மட்டும் பிளேட்டுக்கு அடியில ஷூ (பிளேட் தரையில உரசாம தாங்கற இரும்புக் கால்) போடுங்க, இல்லன்னா வீட்டுக்காரரோட கல்லெல்லாம் புல்வெளிக்குப் போயிடும்.

---

சங்கானை அண்ணை | செவ்வாய், இரவு 9:15

அக்கா எழுதினதைப் பிரின்ற் எடுத்து வாகனத்துக்குள்ளை வையுங்கோ தம்பி.

நான் முதல் எழுத மறந்தது ஸ்னோவின்ரை பாரம். 6 மீற்றர் அகலம், 15 மீற்றர் நீளமான ஒரு டிரைவ்வேயிலை 20 சென்ரிமீற்றர் கொட்டினால் 18 கனமீற்றர். ஜனவரியிலை கொட்டுற பஞ்சு ஸ்னோ எண்டால் இரண்டு தொன்னுக்குக் கீழை. மார்ச்சிலை வாற ஈர ஸ்னோ அதே உயரத்துக்கு ஐந்து தொன் தாண்டும். அதாலை முழுக்கக் கொட்டி முடியட்டும் எண்டு இருக்காதேங்கோ. 8, 10 சென்ரிமீற்றரிலை ஒருக்காப் போய்த் தள்ளுங்கோ, பிறகு இன்னொருக்கா.

முதல் குவியலை ஏலுமான அளவு பின்னுக்குத் தள்ளி வையுங்கோ. 1999 ஜனவரியிலை மேயர் மெல் லாஸ்ட்மன் இராணுவத்தைக் கூப்பிட்ட மாசம் நான் இங்கை சவலோடை நிண்டனான். இரண்டு கிழமையிலை ஒரு மீற்றருக்கு மேலை. ஸ்னோ தள்ள ஏலாமல் இல்லை, வைக்க இடமில்லாமல்தான் எல்லாரும் நிண்டது.

நெடுஞ்சாலையிலை போகேக்கை பிளேட்டை உச்சத்துக்குத் தூக்காதேங்கோ. ரேடியேற்றருக்குக் காத்துப் போகாது, -15இலையும் எஞ்சின் கொதிக்கும். கொஞ்சம் இறக்கி, ஒரு பக்கம் சரிச்சு வையுங்கோ. நான் 65க்கு மேலை ஓடுறேல்லை. தள்ளேக்கை 15க்கு மேலை போறேல்லை.

கடைசியா ஒண்டு, எல்லாத்திலும் பெரிசு. ஸ்னோக் குவியலுக்குள்ளை பிள்ளையள் குகை தோண்டி விளையாடுவினம். பள்ளிக்கூடம் பூட்டின நாளிலை கட்டாயம் விளையாடுவினம். பழைய குவியலுக்கு மேலை திரும்பத் தள்ள முதல் இறங்கிப் போய்ப் பாருங்கோ. ரிவர்ஸ் எடுக்க முதல் பின்னுக்குப் பாருங்கோ, கமராவிலை உப்பு மூடியிருக்கும், அதை நம்பாதேங்கோ. எவ்வளவு நித்திரை முட்டினாலும் இதை விடாதேங்கோ.

---

நாவற்குழியான் | மூண்டு கிழமைக்குப் பிறகு, ஞாயிறு இரவு 8:20

ஒஷாவா பிளேட்டை வாங்கிப் பூட்டியாச்சு. எண்ணெய் பால் மாதிரித்தான் இருந்தது, அதைக் காட்டி விலையைக் குறைச்சு, முழுக்க வடிச்சு மாத்தினன். ஒரு போல் ஜொயின்ற், இரண்டு பிறேக் லைன் புதுசு. டிம்பிரன் போட்டிருக்கு, ரோர்ஷன் பாரைத் தொடேல்லை.

தராசுக் கணக்கு:

பிளவ் இல்லாமல்: முன் 1,670, பின் 1,180.
பிளவைத் தூக்கி, மண் இல்லாமல்: முன் 2,110, பின் 1,080.
27 கிலோ மண் மூட்டை 11, ரெயில்கேற்றோடை: முன் 2,045, பின் 1,445.

அண்ணை, 340 கிலோ தொங்கவிட முன்னாலை 440 ஏறினதை ரிசீற்றிலை பாக்கேக்கைதான் துலா விளங்கினது. மண் இல்லாமல் பின் பங்கு 34 வீதம், மண்ணோடை 41. வி-பிளவ் எண்டால் மண் இல்லாமல் முன் அக்சில் அளவைத் தாண்டியிருக்கும்.

குப்பிழான் அக்கா, இன்சூரன்ஸ் மாத்தியாச்சு. பிளாசாவை இந்த வருசம் எடுக்கேல்லை. 14 டிரைவ்வே மட்டும்.

---

நாவற்குழியான் | பிறகும் இரண்டு கிழமை, காலை 7:55

முதல் இரவு முடிஞ்சுது. விடியப்புறம் மூண்டரைக்கு இறங்கி ஏழேகாலுக்கு முடிச்சன். கியர் எண்ணெய் 90ஐத் தாண்டேல்லை. வோல்ற் பிரச்சினை இல்லை. ஒரே ஒரு விசயம்: பிளேட்டைத் தூக்கி வைச்சு ஓடேக்கை 10 நிமிசத்திலை மெல்ல மெல்லக் கீழை இறங்குது. திரும்பத் தூக்க வேண்டியிருக்கு. பம்ப் போச்சோ?

---

சங்கானை அண்ணை | காலை 8:10

பம்ப் இல்லை, பம்ப் எண்டால் தூக்காது. இறங்கிறதெண்டால் இரண்டிலை ஒண்டு. தூக்கிற ராமின்ரை தலையிலை இருக்கிற பக்கிங் நட்டடியிலை ஈரம் கிடக்கோ பாருங்கோ. கிடந்தால் பிளேட்டை நிலத்திலை விட்டிட்டு நட்டைக் கால் சுத்து இறுக்குங்கோ, கூட இறுக்கினால் சீல் செத்துப் போம். ஈரம் இல்லாட்டி வால்வுக்குள்ளை ஊத்தை, கழட்டிக் கழுவோணும். இப்ப நித்திரை கொள்ளுங்கோ, எழும்பிப் பாக்கலாம்.

---

நாவற்குழியான் | மாலை 4:30

ஈரம் இருந்தது அண்ணை. கால் சுத்து இறுக்கினன். தூக்கி வைச்சிட்டு உள்ளை போய்ச் சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்தாலை வந்து பாத்தன், பிளேட் வைச்ச உயரத்திலேயே நிக்குது.